பொட்டு வைத்த டிவி பாக்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாடாங் செராயில் ஒரு போன் கடையில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன். டாப்-அப் போட வந்தவர் போடாமலே வெளியே போய்விட்டார். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையிலிருந்து இரண்டு பேர் தே தாரிக் டீக் கிளாசோடு எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள்.

“பேப்பர்ல எழுதுவாங்களே, அந்த அக்காதான?” என்று ஒருவர் மற்றவரைக் கேட்டது என் காதிலேயே விழுந்தது.

ஆமாம், நானேதான்! வாராவாரம் இந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்குப் பொறுமையைப் பற்றிப் பாடம் எடுக்கிற அதே மல்லிதான். அதற்கென்ன இப்போது? பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு, இல்லையா?

என் கையில் ஒரு டிவி பாக்ஸ். உங்களுக்குத் தெரியும் — டிவிக்குப் பின்னால் சொருகி, வீட்டு வைஃபையைக் கொடுத்தால், இணையத்தில் ஓடுவதையெல்லாம் பெரிய திரையில் காட்டும் சின்னக் கறுப்புப் பெட்டி. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் இந்தப் பெட்டிக்கு ஒரு விசேஷம்... நெற்றியில் சந்தனம் இருந்தது. சந்தனத்துக்கு நடுவில் குங்குமம் இருந்தது.

“மலிவு பாக்ஸ் வாங்கலாமாக்கா, வேணாமா?” என்று உங்களில் பல பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நானும் பார்க்கலாம், பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் சூடாகத்தான் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா பேர் பார்வதி. கரங்கானில் ஒரு தாமான் குடியிருப்பு வீட்டில் தனியாக இருக்கிறாள். அத்தான் சின்ன வயதிலேயே போய்விட்டார். அக்கா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினாள். தோட்டத்தைச் செம்பனைக்கு மாற்றியதும் கையுறை ஃபேக்டரியில் ஷிஃப்ட் பார்த்தாள். ஒரே மகன் தினேஷ். படிக்க வைத்தாள், படித்தான், மெல்பர்னுக்கு வேலைக்குப் போனான். நல்ல பையன். இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் பின்னால் எனக்குக் கோபத்தில் வாய் தவறலாம்.

சில வருஷமாக அக்காவுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. திங்கள், புதன், வெள்ளி... கூலிமில் டயாலிசிஸ். என் காடியை ஓட்டிக் கொண்டுபோய் விடுவது நான், கூட்டி வருவதும் நான். போதாததற்கு சர்க்கரை கண்ணையும் தொட்டுவிட்டது. போன் திரையைக் காட்டினால் அவளுக்கு ஆள் தெரியாது, நிறம்தான் தெரியும். பெரிய டிவி என்றால், கிட்டத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், முகம் பார்த்துவிடுவாள்.

இந்த நிலைமையில் தினேஷுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். பெண் வீடு அங்கே, மண்டபம் அங்கே, சமையல்காரர்கூட அங்கேயே. “அப்புறம் வந்து நம்ம ஊர்ல ஒரு விருந்து வெச்சுக்கலாம்” என்றான். சரி, காலம் அப்படி.

வீடியோ காலில் அவனே பேச்சை எடுத்தான். “அம்மாவால வர முடியாதே சின்னம்மா, டயாலிசிஸ் இருக்கே. அதனால கல்யாணத்த லைவா போடறோம். நீங்க ஒரு டிவி பாக்ஸ் பாத்து வாங்கிக் குடுங்க. அம்மா பெரிய டிவில, மேடைக்குப் பக்கத்துல உக்காந்த மாதிரி பாக்கட்டும்.”

அக்காவும் தலையாட்டினாள். ஊசி குத்திக் குத்தி நரம்பு புடைத்த கையைத் தூக்கிக் காட்டினாள். “ஆமாய்யா, இந்தக் கைய வெச்சுக்கிட்டு நான் எங்க பிளேன் ஏறுறது? நீ நல்லபடியா தாலியக் கட்டு. நான் இங்கருந்து அட்சதை போடறேன்.”

அவ்வளவுதான். பேச்சு முடிந்தது. பாக்கி இருந்தது ஒரே கேள்வி — எந்த பாக்ஸ்?

அம்மம்மா... அந்த ஒரு கேள்வி எங்கள் குடும்பத்தைப் பிடித்து ஆட்டிய ஆட்டம் இருக்கிறதே!

எங்க வீட்டுக்காரர் ஃபேக்டரியில் மெஷின் பார்த்தவர். வயர் என்று ஒன்றைக் கண்டால் கை சும்மா இருக்காது. அன்றையிலிருந்து சாப்பிடும்போதும் பாக்ஸ், படுக்கும்போதும் பாக்ஸ். யார் யாரோ பெட்டியைப் பிரித்துக் காட்டும் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். “இது ரெண்டு ஜிபி ரேம், அது நாலு ஜிபி ரேம்” என்று எனக்குச் சோறு போட விடாமல் பாடம் நடத்தினார். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கு ஒரு லிங்க். சுங்கைப் பட்டாணியில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் ஒரு பாக்ஸைச் சொன்னார், அதை வேறொருவர் “சுட்டுப் போச்சு, வாங்காதீங்க” என்றார். கல்யாணப் பத்திரிகையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பாக்ஸைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை.

தினேஷ், “நல்லதா வாங்குங்க, நான் காசு போடறேன்” என்றுதான் சொன்னான். அக்கா விடவில்லை. “அவனுக்கே அங்க கல்யாணச் செலவு தலைக்கு மேல. ஒரு நாள் கூத்துக்கு எதுக்குப் பெரிய சாமான்? சின்னதா, மலிவா பாருங்க தம்பி” என்று எங்க வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டாள். புது டிவி வாங்குவதற்கும் சம்மதிக்கவில்லை. இருக்கிற டிவி தினேஷ் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அது இருக்கும்போது இன்னொன்றா என்று ஒரே பிடிவாதம்.

போனோம், பாடாங் செராய்க்கு. அதே போன் கடைதான்.

கடைக்காரத் தம்பி பேசிய பேச்சைக் கேட்டிருக்க வேண்டுமே நீங்கள். “அக்கா, இது ஒண்ணு போதும்லா. தமிழ்ச் சேனல் எல்லாம் இருக்கு, புதுப்படம் எல்லாம் இருக்கு. மாசக் கட்டணம் இல்ல. ஒரு தடவ வாங்குங்க, லைஃப்டைம் ஃப்ரீ!”

“தம்பி, எங்களுக்குச் சேனல் வேணாம். ஒரு கல்யாண லைவ் ஓடணும். ஓடுமா?”

“கல்யாணமா? சினிமாவே ஓடுது, கல்யாணம் ஓடாதா?”

எங்க வீட்டுக்காரருக்கு ‘ஃப்ரீ’ என்ற சொல்லைக் கேட்டதும் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது பாருங்கள். எல்லாம் ஓசி என்றால் எவனோ எங்கேயோ திருடுகிறான் என்றுதானே அர்த்தம்? அந்தத் திருட்டுச் சாமானை நடுக் கூடத்தில் வைத்தா என் அக்கா மகன் கல்யாணத்தைப் பார்ப்பது? வாய் திறந்து சொல்லவும் செய்தேன். “உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்” என்றார். ஓசியில் கிடைத்தால் பினாயிலைக்கூடக் குடிக்கிற கூட்டம்தானே நாம். வாங்கியாயிற்று.

இனிமேல்தான் கதை.

வீட்டுக்கு வந்ததும் எங்க வீட்டுக்காரர் பெட்டியைப் பிரிக்கப் போனார். அக்கா பாய்ந்து வந்து வாங்கிக்கொண்டாள். நேராகச் சாமி அறை. முருகன் படத்துக்கு முன்னால் அட்டைப் பெட்டியோடு வைத்தாள். மேல்மூடியை மட்டும் திறந்து, உள்ளேயிருந்த பாக்ஸுக்குச் சந்தனம், குங்குமம். கற்பூரம்கூடக் காட்டினாள். காடி வாங்கினால் செய்கிறோம், ஃப்ரிட்ஜ் வாங்கினால் செய்கிறோம், இதற்கும் செய்தாள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

“சரிக்கா, சாமி கும்பிட்டாச்சு. இப்ப மாட்டி ஒரு தடவ ஓட்டிப் பாத்துருவோம்” என்றேன்.

“வேணாம்.”

“ஏன்?”

“கல்யாணத்தன்னிக்குத்தான் தொறக்கணும். அதுல மொத மொதல்ல தெரியறது என் புள்ள மொகமாத்தான் இருக்கணும். சும்மா சினிமாவும் சண்டையும் ஓட்டி எச்சல் பண்ணாதீங்க.”

நான் விடுவேனா? “அக்கா, இது மெஷினு. ஓடுதா ஓடலையான்னு பாக்க வேணாமா?” என்று சண்டைக்கே போனேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மணமேடையில் மாப்பிள்ளைக்குத் தாயாக நிற்க வேண்டியவள்... அவளுக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருந்த ஒரே சடங்கு அந்தப் பெட்டியைத் திறப்பதுதான். அதையும் பிடுங்கச் சொல்கிறீர்களா?

எங்க வீட்டுக்காரரோ, “விடு மல்லி, சொருகினா ஓடப்போவுது. இதுல என்னா ராக்கெட்டா விடறோம்?” என்றார். ஆக, பாக்ஸ் சாமி அறையில் விளக்கு வெளிச்சத்தில் சொகுசாக உட்கார்ந்திருந்தது. ஆசாமி சோதனையே எழுதாமல் பாஸ்!

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மெல்பர்னில் ஒன்பது மணிக்கு முகூர்த்தம். நமக்கு ஏழு மணி. விடிந்தும் விடியாத நேரத்தில் அக்கா தலைக்குக் குளித்து, அரக்குப் பட்டுச் சேலை கட்டி, டிவிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். மடியில் ஒரு தட்டு, தட்டில் மஞ்சள் கலந்த அட்சதை. தாமானில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் பூ வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கூடத்தில் கல்யாண வீட்டு வாசனைகூட வந்துவிட்டது.

ஆறு மணிக்கு நல்ல நேரம் பார்த்து பாக்ஸைப் பிரித்தோம். எங்க வீட்டுக்காரர் சொருகினார். வைஃபை கொடுத்தார். திரையில் கலர் கலராக ஒரு பக்கம் வந்தது. கைதட்டினோம். அடுத்து, ‘அப்டேட் செய்யவும்’ என்றது. செய்தார். அது பாட்டுக்குச் செய்தது, செய்தது, செய்துகொண்டே இருந்தது...

அப்புறம் தினேஷ் அனுப்பிய லிங்க். அந்த லிங்கை ரிமோட்டில் ஒவ்வோர் எழுத்தாக, அம்புக்குறியை மேலே கீழே நகர்த்தி நகர்த்தி அடிக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் ஒரு கோடு. நான் போனைப் பார்த்துப் படிக்க, அவர் அடிக்க, ஒன்று தப்பினால் முதலிலிருந்து. “கேப்பிட்டல் ஜியா, ஸ்மால் ஜியா?” என்று அவர் கேட்க, “கண்ணு தெரியலையா, சொன்னேன்ல!” என்று நான் பாய... நல்ல நாளும் அதுவுமாக எங்கள் குடும்ப மானம் கப்பலேறியது.

ஒரு வழியாகத் திறந்தது. மண்டபம் தெரிந்தது. பூ அலங்காரம் தெரிந்தது. பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் திருநீறு வைத்து, எங்கள் தினேஷ் மணவறையில் உட்கார்ந்திருந்தான்.

அக்கா நாற்காலியோடு இன்னும் முன்னால் நகர்ந்தாள். மூக்கு திரையில் இடிக்கிற தூரம். “எளச்சுட்டான்டி” என்றாள். “அப்பா மாரியே உக்காந்திருக்கான் பாரு” என்றாள். கை நீட்டி அவன் கன்னத்தைத் தொட்டாள். எனக்கு அந்த நேரத்தில் அந்தப் பெட்டியின் மேல் இருந்த கோபம்கூடப் போய்விட்டது என்றால் பாருங்கள்.

பெண்ணை அழைத்து வந்தார்கள். தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்தது. ஐயர் மந்திரத்தை வேகப்படுத்தினார். தினேஷ் எழுந்து நின்றான்.

டொய்ங்!

திரை முழுக்க தங்கக் காசு மழையாகக் கொட்டியது. அரைகுறை உடுப்பில் ஒருத்தி சீட்டுக் கட்டை விசிறியாக விரித்துக்கொண்டு கண்ணடித்தாள். சூதாட்ட விளம்பரம்! பாக்ஸுக்குள்ளேயிருந்து தானாக முளைத்து, கல்யாணத்தின் மேலேயே படுத்துக்கொண்டது. மாசக் கட்டணம் இல்லை, லைஃப்டைம் ஃப்ரீ என்றானே... அந்த ஃப்ரீக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

சத்தம் மட்டும் அடியிலிருந்து வந்துகொண்டிருந்தது. நாதஸ்வரம்... “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று யாரோ கத்துகிறார்கள்... மேளம் கொட்டுகிறது...

“போடுங்க, போடுங்க! தாலி கட்டுறான்!” என்று எங்க வீட்டுக்காரர் பதறினார். வந்திருந்த பெண்கள் எல்லாரும் பழக்கத்தில் எழுந்து அட்சதையை வீசினார்கள். எல்லாம் அந்தச் சீட்டுக் கட்டுக்காரி தலையில் விழுந்தது.

அக்கா மட்டும் போடவில்லை. கையில் அட்சதையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரையில் மேலேயும் கீழேயும் தேடினாள். “எங்கடி? எங்க தெரியுது? மல்லி, என் புள்ள எங்கடி?”

விளம்பரத்தை மூட மூலையில் கடுகு மாதிரி ஒரு பெருக்கல் குறி. ரிமோட் அம்புக்குறி அங்கே போகவே மாட்டேன் என்கிறது. எங்க வீட்டுக்காரர் எதையெதையோ அமுக்கினார். விளம்பரம் போய் இன்னொரு விளம்பரம் வந்தது. ஆத்திரத்தில் வயரைப் பிடுங்கி மறுபடி சொருகினார். பாக்ஸ் மறுபடியும் முதலிலிருந்து, ‘அப்டேட் செய்யவும்’ என்றது.

நான் என் போனில் லைவைத் திறந்து அக்கா முகத்துக்கு நேரே பிடித்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “இந்தச் செவப்பா தெரியறது யாரு... பொண்ணா?” என்று கேட்டாள். பெண் கழுத்தில் தாலி ஏறி, இரண்டு பேரும் அக்கினியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். “கட்டியாச்சா?” என்று கேட்டாள்.

“கட்டியாச்சுக்கா.”

உள்ளங்கையைத் திறந்தாள். அட்சதை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உதறித் தட்டிலேயே போட்டாள். பிறகு எழுந்து, வந்தவர்களைப் பார்த்து, “எல்லாரும் பசியாறிட்டுத்தான் போகணும், கேசரி செஞ்சிருக்கேன்” என்றாள்.

“வீடியோ ரெக்கார்டு இருக்கும்லா, அப்புறம் பாத்துக்கலாம்” என்று ஒரு புத்திசாலி வாயைத் திறந்தார். பார்க்கலாம், யார் இல்லை என்றது? ஆறிப்போன வடையையும்தான் சூடுபண்ணிச் சாப்பிடலாம். பெற்றவள் தாலி கட்டும் அந்த நிமிஷத்தில் அட்சதை போடுவதும், போன வாரக் கல்யாணத்துக்கு இந்த வாரம் அட்சதை போடுவதும் ஒன்றா? சொல்லுங்கள், ஒன்றா?

கேசரி எனக்கு இறங்கவில்லை. வந்தவர்களை அனுப்பிவிட்டு, மத்தியானம் பாக்ஸை வயரோடு சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு காடியை எடுத்தேன். அப்படித்தான் போன் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கடைக்காரத் தம்பி பாக்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “இத மாத்த முடியாதுக்கா.”

“ஏன் முடியாது? கேரண்டி இருக்குன்னு சொன்னீல்ல?”

“சொன்னேன்லா. ஆனா சந்தனம் வெச்சிட்டீங்களே... பாருங்க, காத்துப் போற ஓட்டையெல்லாம் குங்குமம். சீரியல் நம்பர் ஸ்டிக்கர் தெரியவே இல்ல. கம்பெனிக்கு அனுப்பினா, ‘கஸ்டமர் டேமேஜ்’னு திருப்பி அனுப்பிடுவான்.”

வெந்த புண்ணில் வேல்! “ஏன்டா, நீயும் தமிழன்தான! உங்க கடைக் கல்லாப் பெட்டிக்கு மேல இருக்கே, அது என்னா? சந்தனம் இல்லையா? உன் கல்லாவுக்கு வெச்சா பக்தி, நாங்க வெச்சா டேமேஜா?” அங்கேதான் குரல் உயர்ந்தது. அங்கேதான் அந்த டாப்-அப் ஆசாமி ஓடினார். சூதாட்ட விளம்பரத்தைப் பற்றிக் கேட்டேன். “மலிவு பாக்ஸ்னா விளம்பரம் வரத்தான்க்கா செய்யும், எல்லாருக்கும் தெரியுமே” என்றான். எல்லாருக்குமா? எனக்குத் தெரியாதே! என் அக்காவுக்குத் தெரியாதே! விற்கும்போது நீ ஏன் சொல்லவில்லை?

கடைசியில் ஒரு ரிமோட் பேட்டரியை இலவசமாகக் கொடுத்து என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தான். அந்தப் பேட்டரியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே, கேட்டவர்களுக்குப் பதில். மலிவு பாக்ஸ் வாங்கலாமா? பழைய பாட்டு, சமையல் வீடியோ, சும்மா கிடக்கிற நேரத்துக்கு ஏதோ ஒன்று — வாங்கிக்கொள்ளுங்கள். நின்றுபோனால் சபித்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். ஆனால் திரும்பி வராத ஒரு நிமிஷத்தை அதை நம்பி ஒப்படைக்காதீர்கள். ‘எல்லாம் ஃப்ரீ’ என்று எவன் சொன்னாலும் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். வாங்கிய அன்றைக்கே மாட்டி ஓட்டிப் பாருங்கள். பொட்டை அப்புறம் வையுங்கள். சாமி கோபித்துக்கொள்ளாது.

இதோடு முடித்திருப்பேன். கடைக்காரனைத் திட்டியாயிற்று, எங்க வீட்டுக்காரரைத் திட்டியாயிற்று, உங்களுக்கு அறிவுரையும் சொல்லியாயிற்று. பத்திக்கு இது போதும். ஆனால் மறுநாள் திங்கட்கிழமை.

வழக்கம்போல அக்காவைக் கூலிமுக்குக் கூட்டிப்போனேன். நாற்காலியில் படுக்க வைத்து, கையில் ஊசி ஏற்றி, மெஷினை ஓட விட்டார்கள். பக்கத்து நாற்காலியில் எப்போதும் வருகிற மலாய்க்கார அம்மா, ஐஷா மாச்சிக். அக்காவுக்கு டயாலிசிஸ் சிநேகிதி. மகன் கல்யாணம் என்று அக்கா முன்பே சொல்லி வைத்திருந்தாள் போலிருக்கிறது.

“நேத்து கல்யாணம் எப்படி?” என்று மலாயில் கேட்டார்.

“நல்லா நடந்துச்சு மாச்சிக். அங்க, மெல்பர்ன்ல.”

“நீ போகலியா?”

அக்கா சிரித்தாள். குழாய் மாட்டிய கையைக் கண்ணாலேயே காட்டினாள்.

மாச்சிக்கின் முகம் மாறிவிட்டது. “அதுக்கென்ன? நான் போன வருஷம் உம்ராவுக்கு மெக்கா போய்ட்டு வந்தேனே. அங்கயும் மெஷின் இருக்கு. ஒரு நாள் தொழுகை, ஒரு நாள் டயாலிசிஸ்னு பாத்துக்கிட்டேன். பொலே!” என்றார். பொலே என்றால் முடியும். அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம்.

நான் மிஸியைப் பார்த்தேன். அங்கே வேலை பார்க்கும் நர்ஸ், நம்ம ஊர்த் தமிழ்ப் பெண்தான். “ஆமாக்கா, வெளியூர் போறவங்களுக்கு ஏற்பாடு பண்றதுதான். முன்கூட்டியே சொன்னீங்கன்னா நாங்க அந்த ஊர் சென்டருக்கு எழுதி எடம் கேப்போம். டாக்டர் பாத்துச் சரின்னு சொல்லணும். எல்லாருக்கும் கெடைக்கும்னு சொல்ல முடியாது, செலவும் இருக்கு” என்றாள். ட்யூபைச் சரி செய்துகொண்டே, “ஆனா கேட்டிருக்கலாம்லா... நீங்க கேக்கவே இல்லையே” என்றாள்.

கேட்கவே இல்லை.

ரேம் எத்தனை என்று கேட்டோம். சேனல் எத்தனை என்று கேட்டோம். சூடாகுமா, சுற்றுமா, நிற்குமா என்று கேட்டோம். ராகு காலம் நம்ம ஊர்க் கணக்கா, மெல்பர்ன் கணக்கா என்றுகூட ஐயருக்குப் போன் போட்டுக் கேட்டோம். ‘அக்காவைக் கூட்டிக்கொண்டு போக முடியுமா?’ என்று ஒரே ஒரு ஆளிடம், வாரத்துக்கு மூன்று தரம் நாங்கள் முகம் பார்க்கிற அந்த மிஸியிடம், ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பெற்ற பிள்ளையும் கேட்கவில்லை. ‘டயாலிசிஸ் இருக்கே’ என்று அவன் ஆரம்பித்தான், ‘ஆமாம் இருக்கே’ என்று நாங்கள் முடித்துவிட்டோம். நோயாளி என்றால் வீட்டில் இருக்க வேண்டியவள் — இதை எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? டாக்டரா சொன்னார்? நாங்களே தீர்ப்பு எழுதி, அவளுக்கு ஒரு பெட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டோம். நினைக்க நினைக்க வயிறு எரிகிறது. இந்த எரிச்சலை எந்தக் கடையில் போய்க் கத்தித் தீர்ப்பது?

அக்கா அழவில்லை. மெஷின் மாட்டாத கையால் என் கையைப் பிடித்தாள்.

“மல்லி, இதத் தினேஷ்கிட்ட சொல்லிடாதடி. புதுசா கல்யாணம் ஆன புள்ள. மனசு சங்கடப்படுவான்.”

சரி என்றேன். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றுகிறவள் நான். இந்த நிமிஷம்வரை அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மெல்பர்னில் இருந்தாலும் வாராவாரம் தவறாமல் இந்தப் பத்தியைப் படிக்கிறவன் அவன். படிக்கட்டும்!